துருவுக்குக் குற்றவாளி கிடையாது

ஒரு சின்னக் கேள்வியோடு ஆரம்பிக்கலாம்.

உங்கள் வீட்டுக் கொல்லைப்புறக் கதவின் தாழ்ப்பாள் துருப்பிடித்து இறுகிப் போய்விட்டது. இழுத்தால் வரவில்லை. தட்டினால் செம்பழுப்பாகத் தூள் கொட்டுகிறது. சொல்லுங்கள், இது யாருடைய தப்பு?

'போன மழைக்கே ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கன்னு சொன்னேனே' என்பார் வீட்டுக்காரம்மா. 'தினமும் அந்தப் பக்கம் போறது நீதானே?' என்பார் வீட்டுக்காரர். 'நான் ஹாஸ்டல்ல இருந்தேம்பா' என்று நைஸாக நழுவுவான் பிள்ளை. 'அந்தக் காலத்து இரும்பு மாதிரி வருமா?' என்று இரும்பின் தலையிலேயே பழியைப் போட்டுவிடுவார் பாட்டி.

இதில் வேடிக்கை என்னவென்றால், நாலு பேர் சொல்வதிலும் பொய்யில்லை!

கண்ணாடி டம்ளர் உடைந்தால், உடைத்த கை ஒன்று இருக்கும். பீரோவில் பணம் காணாமல் போனால், எடுத்த கை ஒன்று இருக்கும். துருவுக்கு அப்படி ஒரு கை கிடையாது. எந்தத் தேதியில், எத்தனை மணிக்கு அது ஆரம்பித்தது என்று எந்த போலீஸாலும் கண்டுபிடிக்க முடியாது. யாரும் எதுவும் செய்யவில்லை. யாரும் எதுவும் செய்யாமல் இருந்ததால்தான் அது வந்தது.

நாம் படித்த நீதிக் கதைகள் எல்லாம் 'செய்தவன்' பற்றியவை. திருடியவன், ஏமாற்றியவன், பொய் சொன்னவன்... அவனைக் கண்டுபிடித்துத் தண்டித்தால் கதை முடிந்தது. ஆனால், யாரும் செய்யாமலே வந்து சேர்கிற கெடுதல்களை என்ன செய்வது? அதற்கு யாரைக் கூண்டில் ஏற்றுவது?

கொஞ்சம் துருவைச் சுரண்டிப் பார்ப்போம்.

★

இரும்பு, ஈரம், காற்று... மூன்றும் கூடினால் துரு. கூடவே உப்பும் சேர்ந்தால் வேலை வேகமாக நடக்கும். இவ்வளவுதான் ரசாயனம்.

அலுமினியத்தின் மேலும் காற்று பட்டு ஒரு படலம் உண்டாகிறது. ஆனால், அது கெட்டியாக ஒட்டிக்கொண்டு, உள்ளே இருக்கும் உலோகத்துக்குப் போர்வையாகிவிடும். இரும்பின் துரு அப்படி இல்லை. பொறுபொறுவென்று உப்பும், உதிரும். உதிர்ந்த இடத்தில் புது இரும்பு வெளியே எட்டிப் பார்க்கும். அதையும் பிடிக்கும். தவிர, தான் தின்ற இரும்பைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்ளும். தாழ்ப்பாள் இறுகுவது அதனால்தான். பழைய ஃப்ளாட்டுகளில் சீலிங் பெயர்ந்து விழுந்து, உள்ளே கம்பி எலும்பு மாதிரி தெரியுமே... அங்கேயும் இதே கதைதான். கம்பி உள்ளே துருப்பிடித்து, பருத்து, கான்கிரீட்டைப் பிளந்து தள்ளியிருக்கிறது.

அந்தக் கான்கிரீட்டில் இருக்கும் சிமென்ட் அரியலூரிலிருந்தேகூட வந்திருக்கலாம். பல கோடி வருடங்களுக்கு முன் அரியலூரும் பெரம்பலூரின் ஒரு பகுதியும் கடலுக்கு அடியில் கிடந்தவை. அந்தக் கடல் விட்டுப்போன சுண்ணாம்புக்கல்லைத் தோண்டித்தான் இன்று அங்கே அரசு ஆலையும் தனியார் ஆலைகளும் சிமென்ட் தயாரிக்கின்றன. நல்ல கான்கிரீட்டுக்குள் இருக்கும் காரத்தன்மை, கம்பியைத் துரு அண்டாமல் காக்கும். ஆனால், விரிசல் வழியாகத் தண்ணீரும் காற்றும் நுழைந்துவிட்டால் அந்தக் காவலும் போச்சு.

அரியலூர் மாவட்டத்திலேயே ஜெயங்கொண்டம், ஆண்டிமடம் பக்கம் போய்ப் பாருங்கள். முந்திரிக் காடுகளுக்கு அடியில் மண் செக்கச்செவேல் என்று கிடக்கும். அந்தச் சிவப்பு என்ன என்று நினைக்கிறீர்கள்? இரும்பு ஆக்சைடு. கிட்டத்தட்ட நம் தாழ்ப்பாளில் இருக்கும் அதே சமாசாரம்தான்! பூமியில் இரும்பு பெரும்பாலும் இந்தக் கோலத்தில்தான் கிடைக்கிறது. மனுஷன் அதை உலையில் போட்டு, கரியைக் கொட்டி எரித்து, ஆக்ஸிஜனைப் பிடுங்கி எறிந்துவிட்டு, தாழ்ப்பாளாகவும் தண்டவாளமாகவும் ஆக்கி வைத்திருக்கிறான். கொஞ்சம் அசந்தால் போதும்... இரும்பு மறுபடி தன் சொந்த ஊருக்கு மூட்டை கட்டிவிடும்.

ஆக, துருப்பிடிப்பது இயற்கை. பளபளவென்று இருப்பதுதான் அதிசயம். ஒரு பழைய இரும்புச் சாமான் எங்காவது நல்லபடியாக வேலை செய்துகொண்டிருந்தால், அதற்குப் பின்னால் யாரோ ஒருவர் விடாமல் துடைத்துக்கொண்டிருக்கிறார் என்று அர்த்தம்.

★

பெரம்பலூரை அடுத்த ஒரு கிராமத்தில் அப்படி ஒருவரைப் பார்த்திருக்கிறேன். எழுபது வயதுக்கு மேல் இருக்கும். பேரன் பேத்திகள் 'அப்பாயி' என்று கூப்பிட்டுக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தார்கள். வாசலில் உட்கார்ந்து, மழையில் கிடந்து சிவந்துபோன ஓர் அரிவாளைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

'யாரும்மா இதை மழையில போட்டது?' என்று கேட்டதற்கு, தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

'எவன் போட்டா என்னா தம்பி? நாளைக்குத் தட்டை அறுக்கணும். இப்பத் தேய்ச்சி வச்சாத்தான் ஆவும்.'

சொல்லிவிட்டு மறுபடி தேய்க்க ஆரம்பித்துவிட்டார். என் கேள்வி நேற்றைப் பற்றியது. அவர் கவலை நாளையைப் பற்றியது.

அவர் கையில் இருந்தவை எல்லாம் அடுப்படிச் சாமான்கள். கரைத்த புளி, கல் உப்பு, செங்கல் தூள், ஒரு தேங்காய் நார். பக்கத்தில் ஒரு சட்டியில் புளித்த கஞ்சி. அதில் கதவுக் கொண்டி ஒன்றும் இரண்டு கீல்களும் ஊறிக்கொண்டிருந்தன.

இதில் எதுவும் மந்திரம் இல்லை. புளியில் டார்டாரிக் அமிலம் இருக்கிறது. எலுமிச்சையில் சிட்ரிக் அமிலம். புளித்த கஞ்சியில் லாக்டிக் அமிலம். கடையில் வாங்கும் வினிகரில் அசிட்டிக் அமிலம். எல்லாமே சாதுவான அமிலங்கள். இரும்பைவிடத் துருவை முதலில் கரைப்பவை. கோலா பானத்தில் ஊறப்போட்டால் துரு போகும் என்று சொல்வார்கள். அதுவும் நிஜம்தான்... அதில் கொஞ்சம் பாஸ்பாரிக் அமிலம் இருக்கிறது. (பிறகு அதைக் குடிக்கலாமா என்பது உங்கள் விருப்பம்!)

நீங்களும் செய்து பார்க்கலாம். பழைய தாழ்ப்பாள், கீல், பூட்டு, ஆணி, ஸ்பேனர்... எதுவானாலும் முதலில் சோப்புத் தண்ணீரில் அழுக்கையும் எண்ணெய்ப் பிசுக்கையும் எடுத்துவிடுங்கள். எண்ணெய் இருந்தால் அமிலம் உள்ளே போகாது. உதிர்கிற துருவை இரும்பு பிரஷ்ஷாலோ உப்புத்தாளாலோ தட்டிவிடுங்கள். பிறகு வினிகரிலோ கெட்டியான புளித் தண்ணீரிலோ முழுகப் போடுங்கள். இறுகிய திருகாணியாக இருந்தால் மண்ணெண்ணெயோ மெஷின் எண்ணெயோ விட்டு ஒரு ராத்திரி அப்படியே விட்டுவிடுங்கள். முறுக்கினால் தலை உடைந்து கையோடு வரும். அவசரம் இங்கே செல்லாது.

ஊறப்போட்டுவிட்டு மறந்தும் போய்விடக் கூடாது. அப்பப்போ எடுத்துப் பார்த்துத் தேய்க்க வேண்டும். துரு தீர்ந்த பிறகு அமிலம் சும்மா இருக்காது. நல்ல இரும்பையும் தின்ன ஆரம்பித்துவிடும். துத்தநாகப் பூச்சு உள்ள சாமானாக இருந்தால் பூச்சே கரைந்துவிடும். 'சீக்கிரம் போகட்டுமே' என்று பாத்ரூம் கழுவும் ஆசிட்டைத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள். அதன் புகை பக்கத்தில் இருக்கிற மற்ற இரும்புகளையும் துருப்பிடிக்க வைக்கும். அதோடு ப்ளீச்சிங் பவுடர் சேர்ந்துவிட்டால் நச்சு வாயு. உயிருக்கே ஆபத்து.

கடைசி வேலைதான் முக்கியம். எடுத்தவுடன் சமையல் சோடா கலந்த தண்ணீரில் அலசி, ஒரு துணியால் துடைத்து, வெயிலில் நன்றாகக் காயவைத்து, சூடு ஆறுவதற்குள் எண்ணெய் தடவ வேண்டும். தையல் மெஷின் எண்ணெய் போதும். தேங்காய் எண்ணெய் நாளாக நாளாகப் பிசுபிசுக்கும். இதைச் செய்யாமல் 'அப்புறம் பார்த்துக்கலாம்' என்று ஈரத்தோடு வைத்தால், ஒரு மணி நேரத்திலேயே மெல்லிய செம்மஞ்சள் நிறம் திரும்ப வந்துவிடும். புதிதாகத் தேய்த்த இரும்புக்குத்தான் துரு சீக்கிரம் பிடிக்கும்.

★

'எதுக்கு சார் இவ்வளவு பாடு? கடையில் புதுத் தாழ்ப்பாள் நூறு ரூபாய்க்குள் கிடைக்குமே' என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. நியாயமான கேள்வி. நான் காமர்ஸ் படித்தவன். கணக்குப் பார்க்காமல் இருக்க முடியாது. இரண்டு நாள் உழைப்பு, புளி, வினிகர் எல்லாம் சேர்த்தால் பல சமயம் புதுசே மலிவு.

ஆனால், அந்தக் கணக்குப் பாடத்திலேயே ஒரு விஷயம் உண்டு. தேய்மானம். பத்தாயிரம் ரூபாய்க்கு ஓர் இயந்திரம் வாங்குகிறீர்கள். ஆயுள் பத்து வருடம் என்றால், வருடத்துக்கு ஆயிரம் ரூபாயை அதன் மதிப்பிலிருந்து கழித்துக்கொண்டே வர வேண்டும். இதற்கு 'நேர்க்கோட்டு முறை' என்று பெயர். மிச்சமிருக்கும் மதிப்பில் ஒரு சதவிகிதத்தை ஒவ்வொரு வருடமும் கழிப்பது இன்னொரு முறை. கடைசியில் எஞ்சுவதற்கு பாடப் புத்தகத்தில் ஒரு பெயர் உண்டு. 'எறிமதிப்பு'. என்ன பொருத்தமான வார்த்தை பாருங்கள்!

அந்தப் பேரேட்டில் தேய்மானத்துக்கு இடம் உண்டு. பழுது பார்த்த செலவுக்கும் இடம் உண்டு. ஆனால், 'இந்த வருடம் எண்ணெய் போடாமல் விட்டோம்' என்பதற்கு மட்டும் எந்தப் பத்தியும் கிடையாது. சொல்லப்போனால், பராமரிப்புச் செலவை வெட்டிவிட்டால் இந்த வருடம் லாபம் கூடுதலாகத் தெரியும். மேனேஜருக்கு போனஸ்கூடக் கிடைக்கும். துரு வெளியே தெரியும்போது வேறொரு வருடம் வந்திருக்கும். நாற்காலியில் வேறொரு மேனேஜர் உட்கார்ந்திருப்பார். விட்டவர் ஒருவர், விழுந்து அடிபடுகிறவர் இன்னொருவர்.

நூறு ரூபாய் தாழ்ப்பாளைத் தூக்கிப் போடலாம். தப்பே இல்லை. பாலத்தைத் தூக்கிப் போட முடியுமா?

★

பெரம்பலூர் மாவட்டத்திலும் அரியலூர் மாவட்டத்திலும் ஓடிக் கொள்ளிடத்தில் போய்ச் சேரும் ஆறு மருதையாறு. பெரும்பாலான நாட்கள் மணலும் முள்ளுமாகத்தான் கிடக்கும். 1956 நவம்பர் 23. விடியற்காலை. விடாத மழையில் மருதையாற்றில் வெள்ளம். அரியலூர் தாண்டி வந்த தூத்துக்குடி எக்ஸ்பிரஸ், ஆற்றுப் பாலத்தில் ஏறியபோது பாலம் நொறுங்கியது. என்ஜினும் பெட்டிகளும் ஆற்றுக்குள். 140-க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின.

அங்கே துரு காரணம் அல்ல, வெள்ளம்தான். ஆனால், நம் கேள்வி அங்கேயும் அப்படியே நின்றது. யார் குற்றம்? மழையின் குற்றமா? டிரைவர் குற்றமா? பாலத்தைக் கட்டியவரா, பார்த்துக்கொள்ள வேண்டியவரா?

அப்போது ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி. அந்த வருடமே சில மாதங்களுக்கு முன்னால், இன்றைய தெலங்கானாவில் இருக்கும் மெகபூப்நகர் பக்கத்தில் ஒரு ரயில் விபத்து நடந்து 112 பேர் இறந்திருந்தார்கள். அப்போதே ராஜினாமா செய்ய முன்வந்தார். பிரதமர் நேரு ஏற்கவில்லை. அரியலூருக்குப் பிறகு மறுபடி கடிதம் கொடுத்தார். இந்த முறை நேரு ஏற்றுக்கொண்டார். விபத்துக்கு சாஸ்திரி எந்த வகையிலும் காரணம் இல்லை, ஆனால் அரசியல் சட்ட மரபுக்கு இது ஒரு முன்னுதாரணமாக இருக்க வேண்டும் என்பதற்காகவே ஏற்கிறேன் என்று நாடாளுமன்றத்தில் விளக்கமும் சொன்னார்.

கவனியுங்கள். 'நீ குற்றவாளி இல்லை' என்று பிரதமரே சொல்கிறார். சாஸ்திரி மருதையாற்றுப் பக்கம் கல்லைப் பெயர்க்கவில்லை, மழையைக் கூப்பிடவில்லை. ஆனாலும், 'என் துறை, நான் பொறுப்பு' என்று நகர்ந்துகொண்டார். குற்றம் வேறு, பொறுப்பு வேறு என்று தமிழ்நாட்டு மண்ணில் நடந்த ஒரு துயரத்தை வைத்து இந்த நாடு கற்றுக்கொண்ட பாடம் அது. 'நான் பண்ணலை' என்பது குற்றம் சாட்டப்பட்டவன் சொல்லும் பதில். 'நான் பார்த்துக்கிறேன்' என்பது பொறுப்பாளி சொல்வது. குற்றவாளி கிடைக்காத இடத்தில்தான் பொறுப்பாளி அதிகம் தேவைப்படுகிறார்.

இதற்கு ஓர் எதிர்க்கேள்வியும் இருக்கிறது. அதையும் கேட்டுவிடுவோம். 'ஒருத்தர் ராஜினாமா பண்ணினதால என்ன ஆச்சு? செத்தவங்க திரும்பி வந்தாங்களா? அடுத்த பாலம் பலமாச்சா?' உண்மைதான். ராஜினாமாவை ஊறவைத்தால் துரு போகாது. வெறும் அடையாளத்தோடு நின்றுவிட்டால் அதுவும் ஒருவகை பெயின்ட்தான். நாற்காலியை விட்டு எழுந்திருப்பது பொறுப்பின் ஒரு பாதி. இன்னொரு பாதியைச் செய்பவருக்கு மாலையும் கிடையாது, வரலாற்றில் பெயரும் கிடையாது. கையில் சுத்தியல், ஸ்பேனரோடு தண்டவாளத்தில் தினமும் நடந்து, தளர்ந்துபோன இணைப்பைத் தட்டி இறுக்கிவிட்டுப் போகிற கீமேன். மழைக்காலத்தில் ராத்திரி முழுக்க லாந்தரோடும் டார்ச்சோடும் ரோந்து போகிற கேங்மேன். நாம் ஏ.சி. பெட்டியில் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்குவது அவர்கள் நடையை நம்பித்தான்.

★

'பெயின்ட்' என்றேன் இல்லையா? அதைக் கொஞ்சம் பேச வேண்டும்.

குஜராத்தில் மோர்பி என்ற ஊரில் மச்சு ஆற்றின் மேல் ஒரு பழைய தொங்கு பாலம் இருந்தது. பிரிட்டிஷ் காலத்தது. மாதக்கணக்கில் மூடி வைத்து, பராமரிப்பு வேலை பார்த்து, 2022 அக்டோபர் 26-ம் தேதி திறந்தார்கள். நாலே நாள். 30-ம் தேதி சாயங்காலம் பாலம் அறுந்து விழுந்தது. 135 பேர் இறந்தார்கள். நிறைய குழந்தைகள்.

அரசு அமைத்த சிறப்புப் புலனாய்வுக் குழு பிறகு ஒரு விஷயத்தைச் சொன்னது. அறுந்துபோன பிரதான கேபிளில் 49 கம்பிகள். அதில் 22 கம்பிகள் அன்றைக்கு அறுந்தவை அல்ல. துருவால் அரிக்கப்பட்டு, ஏற்கெனவே அறுந்திருக்க வேண்டியவை. நடைபாதைப் பலகைகள் புதுசு. பாலம் பார்க்கப் புதுசு. தாங்கிப் பிடித்த கேபிள் மட்டும் பழசு!

பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது நம் வீடுகளில் என்ன நடக்கிறது? ஜன்னல் கம்பியில் துரு. அதைச் சுரண்ட நேரம் இல்லை. 'மேலயே ஒரு கோட்டிங் குடுத்துடுங்க' என்கிறோம். மூன்று மாதம் அழகாக இருக்கும். நாலாவது மாதம் பெயின்ட் கொப்புளிக்கும். உள்ளே துரு சும்மா இருக்கவில்லை. இருட்டில், யாரும் பார்க்காத சௌகரியத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது. துருவைவிட மோசமானது அதை மறைக்கிற பெயின்ட். ஏனென்றால், துரு எச்சரிக்கிறது. பெயின்ட் அந்த எச்சரிக்கையின் வாயை மூடிவிடுகிறது.

நேர்மாறான உதாரணம் நம்மிடமே இருக்கிறது. பழைய பாம்பன் ரயில் பாலம். 1914 பிப்ரவரியில் திறந்தது. சுற்றிலும் உப்புக் கடல், உப்புக் காற்று. இரும்புக்கு அதைவிடக் கொடுமையான இடம் தேடினாலும் கிடைக்காது. ஆனாலும், நூறு வருடங்களுக்கு மேல் அதில் ரயில் ஓடியது. சுரண்டு, பூசு, மாற்று... மறுபடி முதலிலிருந்து என்று பல தலைமுறைகள் அந்தப் பாலத்தின் மேலேயே வேலை செய்தார்கள். ஒரு கட்டத்தில் 'இனி தாங்காது' என்று தெரிந்தபோது, 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்திவிட்டார்கள். பக்கத்தில் கட்டிய புதிய பாலம் 2025 ஏப்ரல் 6-ம் தேதி திறக்கப்பட்டது. நன்றாகப் பராமரித்தவர்களுக்குத்தான், எப்போது கைவிட வேண்டும் என்பதும் தெரிகிறது.

★

இன்னொரு சிக்கல் பாக்கி இருக்கிறது. துருவை எவ்வளவு எடுப்பது?

கங்கைகொண்ட சோழபுரத்துக்குப் பக்கத்தில் மாளிகைமேடு. ராஜேந்திர சோழனின் அரண்மனை இருந்த இடம். தமிழகத் தொல்லியல் துறை அங்கே நடத்திய அகழாய்வில் கூரை ஓடுகளோடு இரும்பு ஆணிகளும் கிடைத்தன. நம் அப்பாயியிடம் அந்த ஆணியைக் கொடுத்தால், புளி போட்டுத் தேய்த்துப் பளிச்சென்று கையில் கொடுத்திருப்பார். அப்படிச் செய்தால், பாதி ஆணி காணாமல் போயிருக்கும். அதோடு, அந்தத் துருவுக்குள் ஒட்டியிருக்கும் மண்ணும் மரத்தின் தடயமும் போயிருக்கும். அந்த ஆணிக்கு இனிமேல் ஓட்டைத் தாங்கும் வேலை இல்லை. சாட்சி சொல்லும் வேலைதான் இருக்கிறது. சாட்சியை ரொம்பக் குளிப்பாட்டக் கூடாது.

சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் இதற்கென்றே ஒரு ரசாயனப் பாதுகாப்புக் கூடம் 1930-லிருந்து இருக்கிறது. உலோகச் சிலைகள் அரித்துப் போகாமல் காப்பாற்றத் தொடங்கியது. அந்தத் துறையினர் உலகம் முழுக்கக் கடைப்பிடிக்கும் விதி எளிமையானது. அழிவை நிறுத்து. அதற்குத் தேவையானதைவிட அதிகமாகத் தொடாதே.

ஆகவே, தேய்ப்பதற்கு முன் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி: 'இது வேலை செய்யும் பொருளா, சாட்சி சொல்லும் பொருளா?' கதவுக் கீல் என்றால், அது சத்தமில்லாமல் திரும்ப வேண்டும். தாராளமாகத் தேயுங்கள். தாத்தாவின் பெயர் பொறித்த பூட்டு என்றால், எழுத்து தேயாத அளவோடு நிறுத்துங்கள். பழைய நாணயம் என்றால், கையையே வைக்காதீர்கள்.

இரண்டுக்கும் நடுவில் ஒரு வழியும் இருக்கிறது. கடுக்காய்த் தோலைத் தட்டிக் கொதிக்கவைத்து, ஆறிய சாற்றைத் துருவின் மேல் தடவிப் பாருங்கள். உதிர்கிற துருவை மட்டும் முதலில் தட்டிவிட்டால் போதும். கொஞ்ச நேரத்தில் சிவப்பு, நீலம் கலந்த கறுப்பாக மாறும். கடுக்காயில் இருக்கும் டானின், துருவோடு சேர்ந்து ஒரு கறுப்புப் படலமாகிவிடுகிறது. கெட்டியான டீ டிகாக்‌ஷனிலும் டானின் உண்டு. கடையில் 'ரஸ்ட் கன்வர்ட்டர்' என்று விற்கும் பல திரவங்களிலும் இதே டானிக் அமிலம்தான். துருவை முழுக்கச் சுரண்டி எடுக்கவும் இல்லை, பெயின்ட் அடித்து மறைக்கவும் இல்லை. துருவையே காவலுக்கு வைத்தாகிவிட்டது. மேலே எண்ணெய் பூச வேண்டியது மட்டும் பாக்கி.

மனிதர்களுக்குள் பிடிக்கிற துருவுக்கும் இதில் வைத்தியம் இருப்பதாகத் தோன்றுகிறது. அண்ணன் தம்பிக்குள் பேச்சு நின்று நாலு வருடம் ஆகியிருக்கும். சண்டை என்று ஒன்றும் நடந்திருக்காது. ஒரு கல்யாணத்துக்குப் போக முடியாமல் போனது, ஒரு போனை எடுக்காமல் விட்டது, அவ்வளவுதான். 'யார் முதல்ல விட்டது?' என்று விசாரித்தால், இரண்டு பேரிடமும் ஆதாரம் இருக்கும். கோர்ட்டே தோற்றுப்போகும். அங்கேயும், 'எவன் போட்டா என்னா தம்பி' என்று யாராவது ஒருவர் உட்கார்ந்து தேய்க்க ஆரம்பித்தால்தான் உண்டு. பழைய கணக்கை ஒன்றுவிடாமல் சுரண்டி எடுக்க வேண்டும் என்றும் இல்லை. கொஞ்சம் கறுப்பாகத் தங்கிவிட்டுப் போகட்டும். தாழ்ப்பாள் திறந்தால் போதும்.

ஒன்று மட்டும் ஞாபகம் வையுங்கள். தேய்த்த அன்றைக்கே எண்ணெய் போட வேண்டும். சமாதானமான மறுநாளே 'இனிமே எல்லாம் சரியாயிடும்' என்று விட்டுவிட்டால், ஈர இரும்பைத் திண்ணையில் வைத்த கதைதான்.

★

தேய்ப்பது எல்லோருக்கும் தெரியும்படி நடக்கிற வேலை. செம்பழுப்பு போய் வெள்ளி நிறம் வரும்போது நாலு பேர் 'அட!' என்பார்கள். போட்டோகூட எடுக்கலாம். எண்ணெய் விடுவதில் அந்தப் பெருமை எதுவும் இல்லை. மாதம் ஒரு தடவை, இரண்டு சொட்டு, ஒரு பழைய துணி. அப்படி விட்டவரை யாரும் பாராட்டி நான் பார்த்ததில்லை.

இந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டை ஒரு சுற்று சுற்றிவாருங்கள். கொல்லைக் கதவு, மொட்டை மாடி கேட், தண்ணீர்த் தொட்டியின் மூடி, மோட்டார் ரூம் பூட்டு, சைக்கிள் செயின்... யார் விட்டது என்ற விசாரணையை ஒத்திவைத்துவிட்டு, எண்ணெய்க் குப்பியை எடுங்கள்.

திங்கட்கிழமை காலையில் அந்தத் தாழ்ப்பாள் சத்தமே இல்லாமல் திறக்கும். வீட்டில் யாரும் கவனிக்கப் போவதில்லை. கவனிக்கவில்லை என்றால், வேலை சரியாக நடந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.